ஓசூர்ல தொலைஞ்ச 'ப': அஞ்செட்டி இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு மொழியியல் வரலாறு

நீங்க படிக்கப் போறது இந்த வார எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சு வாசம் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.

மூணு பேர்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஓசூர், ஒகேனக்கல், தொட்டஹள்ளா.

முதல் ரெண்டும் உங்களுக்குத் தெரியும். ஓசூர் நம்மள்ல பாதிப் பேர் பெங்களூருக்குப் போற வழி. ஒகேனக்கல் வீக்எண்ட் ட்ரிப். மூணாவது, அஞ்செட்டி பக்கம் ஓடி காவிரியில கலக்குற ஒரு காட்டாறு. மூணுமே தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு, மூணுமே கன்னடப் பேரு. ஓசூர்னா 'ஹொச ஊரு', அதாவது புது ஊர். ஒகேனக்கல்னா 'ஹொகெ'யும் 'கல்'லும் சேர்ந்தது, புகையிற கல்லு. தொட்டஹள்ளான்னா பெரிய ஓடை.

இப்போ இதைக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்ல புகை, கன்னடத்துல ஹொகெ. தமிழ்ல பள்ளம், கன்னடத்துல ஹள்ள. தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு. பல் ஹல்லு ஆகுது, பத்து ஹத்து ஆகுது, புலி ஹுலி ஆகுது. 'ஹொச'வும் நம்ம 'புது'வும்கூட ஒரே வேர்தான். பழைய கன்னடத்துல அது 'பொச'.

இது தற்செயல் இல்ல. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால தொடங்கி, கன்னடத்துல சொல்லோட முதல்ல வர்ற 'ப' கொஞ்சம் கொஞ்சமா 'ஹ'வா மாறிடுச்சு. யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணல. ஆனா ஒரு ரூல் போட்ட மாதிரி வரிசையா மாறியிருக்கு. தெலுங்குல மாறல: பாலு, புலி, பொக. அப்புறம் நாம தமிழ்ல அந்த 'ஹ'வையும் கழட்டிட்டு 'ஓசூர்', 'ஒகேனக்கல்'னு எழுதுறோம்.

இன்னைக்கு எபிசோட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். மனுஷங்க ஒரு மொழியை 'தப்பா' பேசுறப்போ, அந்தத் தப்புக்குள்ள பெரும்பாலும் ஒரு ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கைப் படிக்கத் தெரிஞ்ச டீச்சர் கையில ஒரு குழந்தைக்கு இங்கிலீஷ் வரும். படிக்கத் தெரியாத இடத்துல அதே குழந்தைக்கு 'மக்கு'ன்னு பேர் வரும்.

ஏன் அஞ்செட்டி?

ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து மலை ரோட்டுல இறங்கினா அஞ்செட்டி. சுத்தி மேலகிரி மலை, யானை நடமாடுற காடு, அந்தப் பக்கம் காவிரி, அதைத் தாண்டினா கர்நாடகா.

இந்த ஊர் இடத்தை விட்டு நகரல, ஆனா இதோட அட்ரஸ் மாறிக்கிட்டே இருந்திருக்கு. மைசூர் ஆட்சியில இருந்துச்சு. 1799ல திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர் பகுதி கம்பெனி கைக்கு வந்து, சேலம் மாவட்டத்தோட சேர்ந்துச்சு. 1956ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ சென்னை மாநிலத்துலயே தங்கிடுச்சு. 1965ல தருமபுரி மாவட்டம், 2004ல கிருஷ்ணகிரி மாவட்டம். கோடு மாறுச்சு, ஜனங்க பேசுற மொழி மாறல. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, மலையில இருளர் பேச்சு, இத்தனையும் இந்த எல்லைப் பகுதியில புழங்குது. ஓசூர் ஃபேக்டரிகளால வடக்குல இருந்து வந்த குடும்பங்களோட மொழிகள் வேற இப்போ சேர்ந்திருக்கு.

இப்போ அங்க ஒரு அஞ்சாம் வகுப்பை நினைச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு வீட்டுல கன்னடம். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பையன் வீட்டுல தெலுங்கு. டீச்சர் வேற மாவட்டத்துல இருந்து போஸ்டிங்ல வந்தவங்க, வீட்டுல தமிழ். இங்கிலீஷ் பாடத்தை அவங்க தமிழ்ல விளக்குறாங்க. அப்போ அந்தப் பொண்ணு தன்னோட மூணாவது மொழியை ரெண்டாவது மொழி வழியா கத்துக்கிட்டு இருக்கா. 2006ல தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு, ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு படிப்படியா, சிறுபான்மை மொழிப் பள்ளிகள்லயும் தமிழ் கட்டாயப் பாடம் ஆச்சு. அதனால ஓசூர் பக்கத்து தெலுங்கு, கன்னட, உருது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்துல மூணு மொழி வேலை. இங்க பாதி கிளாஸ் இப்படி இருந்தா, இங்கிலீஷ் டீச்சர் கையில என்ன கருவி இருக்கணும்? அந்தக் கருவியோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட். அதுல பெரிய ஒரு பகுதி நம்ம ஊர்லயே நடந்தது.

1812: தமிழ் வராத வெள்ளைக்காரங்க

இங்கிலீஷ் கத்துக்கிற நம்ம கதைக்கு முன்னாடி, நம்ம மொழிகளைக் கத்துக்கத் திணறின இங்கிலீஷ்காரங்க கதை ஒண்ணு இருக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலைக்கு வர்ற இளைஞர்கள் பதினாறு, பதினேழு வயசுப் பசங்க. அவங்களை ஜில்லாவுக்கு அனுப்பினா வரி வசூலிக்கணும், வழக்கு விசாரிக்கணும். மொழி தெரியாம எப்படி? அதுக்காக 1812ல சென்னையில புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை ஆரம்பிச்சாங்க. அந்த முயற்சிக்குப் பின்னால இருந்த முக்கியமான ஆள் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னை கலெக்டர். திருக்குறள் மேல இருந்த பிரியத்தால நம்மாளுங்க 'எல்லீசன்'னு கூப்பிட்டாங்களே, அவரேதான்.

அப்போ கல்கத்தா அறிஞர்கள் நடுவுல ஒரு கருத்து வலுவா இருந்துச்சு. இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுன்னு. எல்லிஸுக்கு அது சரியாப் படல. கல்லூரியில அவரோட வேலை செஞ்ச பட்டாபிராம சாஸ்திரி, கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தார் சங்கரய்யா மாதிரி இந்திய அறிஞர்களோட உதவியில, தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல போட்டு ஒப்பிட்டார். கடன் வாங்கின சொல்லை எல்லாம் ஒதுக்கிட்டுப் பார்த்தாலும் அடிப்படை வேர்கள் மூணுலயும் பொருந்துது. ஆக இது சமஸ்கிருதத்தோட கிளை இல்ல, தனிக் குடும்பம். 1856ல கால்டுவெல் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளியிடுறதுக்கு 40 வருஷம் முன்னாடியே இதைச் சொல்லிட்டார்.

எங்க சொன்னார் தெரியுமா? 1816ல ஏ. டி. கேம்ப்பெல் எழுதின தெலுங்கு இலக்கணப் புத்தகத்தோட முன்னுரைக்கு ஒரு குறிப்பா. அது ஒரு பாடப் புத்தகம். தெலுங்கு கத்துக்கணும்னு வந்த இங்கிலீஷ் பசங்களுக்காக எழுதினது. நம்ம மொழிக் குடும்பத்தோட முதல் ஆதாரம், இரண்டாவது மொழி கத்துக்கிறவங்களோட புத்தகத்துக்குள்ளதான் அச்சாச்சு. எல்லிஸ் 1819ல ராமநாதபுரத்துல இறந்துட்டார், எழுத நினைச்சதுல நிறைய முடியாமலே போச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது அந்த மூணு கட்டம். அஞ்செட்டி வகுப்புல பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறதும் அதே மூணு மொழிதானே.

'கம்பெனி'யை வாய் விட்டுச் சொல்லுங்க

சரி, முதல் கருவி: ஒலியன்.

டிரான்ஸ்கிரிப்ட் படிக்கிறவங்களுக்கு ஒரு சிக்கல். நான் சொல்லப் போற ரெண்டு ஒலியையும் தமிழ்ல ஒரே எழுத்துலதான் எழுத முடியும். அதனால ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். 'பால்'ல வர்றது பால்-ப. 'பஸ்'ல வர்றது பஸ்-ப. தொண்டையில விரல் வெச்சு ரெண்டையும் சொல்லிப் பாருங்க. பஸ்-ப சொல்றப்போ அதிரும், பால்-ப சொல்றப்போ அந்த அதிர்வு இருக்காது.

இப்போ 'கம்பெனி'ன்னு சொல்லுங்க. இங்கிலீஷ்ல அது பால்-ப. நம்மள்ல நிறையப் பேர் வாயில வர்றது பஸ்-ப. 'பம்பு செட்டு'லயும் அப்படித்தான், 'டெண்டு கொட்டாய்'லயும் அப்படித்தான். ஏன்னா தமிழ்ல ம், ண், ந் மாதிரி மெல்லினத்துக்குப் பின்னால வர்ற வல்லினம் அதிர்ந்துதான் ஒலிக்கும். கம்பி, வண்டி, பந்து, எல்லாம் அதே ரூல். யாரும் நமக்குச் சொல்லித் தரல, ஆனா நம்ம வாய் அதைத் தவறாம செய்யுது. தமிழ்ச் சொல்லுக்குள்ள அந்த இடத்துல பால்-ப வந்து அர்த்தத்தை மாத்தப் போறதே இல்ல. அதனால நம்ம காதும் அந்த வித்தியாசத்தைக் கண்டுக்கிறது இல்ல.

ஒரு மொழியில அர்த்தத்தைப் பிரிக்கிற ஒலி அலகுதான் ஒலியன். அர்த்தத்தைப் பிரிக்காம, இடத்தைப் பொறுத்து மாறி வர்ற வடிவம் மாற்றொலி. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை பால்-பவும் பஸ்-பவும் ஒரே ஒலியனோட ரெண்டு முகம். இங்கிலீஷ்ல ரெண்டும் ரெண்டு ஆளு. கன்னடத்துலயும் தெலுங்குலயும்கூட ரெண்டு ஆளு, தனித்தனி எழுத்தே இருக்கு.

பெங்களூரை உருவாக்கினவர்னு சொல்றோமே, கெம்பேகவுடா. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் அவர் பேர்தான். தமிழ்ல படிச்சவங்க அதைப் பஸ்-ப போட்டுத்தான் சொல்றோம். கன்னடத்துல அது பால்-ப. 'கெம்பு'ன்னா சிவப்பு.

இதே கதை 'ட'வுக்கும் உண்டு. 'டீ'யில வர்றது ஒரு ட, 'டாக்டர்'ல முதல்ல வர்றது இன்னொரு ட. கன்னடத்துல 'கண்டு'ன்னு ஒரு சொல்லை டீ-ட போட்டுச் சொன்னா முடிச்சு, டாக்டர்-ட போட்டுச் சொன்னா ஆண். தெலுங்குல 'பண்ட'ன்னு டீ-ட போட்டா விளைச்சல், 'பண்டு'ன்னு டாக்டர்-ட போட்டா பழம்.

இங்கதான் இங்கிலீஷ் டீச்சருக்கு வேலை வருது. இங்கிலீஷ்ல 'அனுப்பு'க்கு இருக்கிற சொல் 'செண்ட்', கடைசியில டாக்டர்-ட. 'அனுப்பினேன்'க்கும் அதே சொல்தான், ஆனா கடைசியில டீ-ட. வித்தியாசம் அந்த ஒரே ஒரு ஒலி. தமிழ் வீட்டுப் பையன் ஒருத்தன் 'நேத்து அனுப்பினேன்'னு இங்கிலீஷ்ல சொல்ல வர்றான். நம்ம மெல்லின ரூல் தானா ஓடி, ரெண்டும் டாக்டர்-டவா வெளிய வருது. டீச்சர் காதுல நிகழ்காலம் விழுது. "பாஸ்ட் டென்ஸ் வரல"ன்னு மார்க் போட்டு, இறந்தகால டேபிளை இருபது தடவை எழுதச் சொல்றாங்க. ஆனா பையனுக்கு இறந்தகாலம் தெரியும். அவனுக்கு வராதது ஒரு ஒலி.

அதே வகுப்புல கன்னட வீட்டுப் பொண்ணு அதே மாதிரி சொன்னா? அவ மொழியில அந்த ரெண்டு 'ட'வும் பிரிஞ்சிருக்கு. அவளுக்கு உண்மையிலேயே காலம் குழம்பியிருக்க அதிக வாய்ப்பு இருக்கு. ஒரே பிழை, ரெண்டு காரணம், ரெண்டு மருந்து.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாங்க சாஃப்ட்வேர்ல பண்றதுதான். ஒரு மாறியை மட்டும் மாத்திப் பாரு. அந்தப் பையனை 'நேத்து வந்தேன்', 'நேத்து சாப்பிட்டேன்' இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. 'கேம்', 'ஏட்'னு சரியா வந்தா, காலம் அவனுக்குத் தெரியும். அடுத்து, அதே 'அனுப்பினேன்' வாக்கியத்தை எழுதச் சொல்லுங்க. எழுத்துல சரி, வாயில தப்புன்னா பிரச்சினை ஒலியில. ரெண்டு நிமிஷ வேலை.

எல்லாருக்கும் பொதுவான கஷ்டம்

எல்லாமே பிரிஞ்சு கிடக்குன்னு நினைச்சுடாதீங்க. 'பஸ்ஸு', 'புக்கு'ன்னு கடைசியில ஒரு 'உ' சேர்க்கிறோமே, அது தமிழ்ல பேச்சு வழக்கு. கன்னடத்துலயும் தெலுங்குலயும் 'பஸ்ஸு'ன்னு எழுதுறதே வழக்கம். வல்லின மெய்யில சொல் முடியுறதை இந்த மொழிகள் விரும்புறது இல்ல. எந்த எழுத்து சொல்லுக்கு முதல்ல வரலாம், எது கடைசியில வரலாம்னு தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துலயே பட்டியல் இருக்கு. குற்றியலுகரம்னு ஸ்கூல்ல படிச்சோமே, இந்தக் குட்டி 'உ' அதோட சொந்தக்காரன். 'ஸ்கூல்' சில பேர் வாயில 'இஸ்கூல்' ஆகுறதும் அதே வகை ரூல்தான், இந்த முறை சொல்லோட முதல்ல.

'வ' விஷயமும் பொதுவானதுதான். இங்கிலீஷ்ல கீழுதட்டைப் பல்லால தொட்டுச் சொல்ற 'வ' ஒண்ணு, ரெண்டு உதட்டையும் குவிச்சுச் சொல்ற 'வ' ஒண்ணு. நம்ம மூணு மொழிக்கும் ஒரே 'வ'தான்.

'ஹ'வைப் பாருங்க. ஓசூர்ல கழண்ட அதே 'ஹ' கிராமத்துக் கன்னடத்துலயும் பல இடத்துல கழண்டுடும், 'ஹாலு' 'ஆலு' ஆகும். அந்த வீட்டுப் பிள்ளை 'ஹவுஸ்'ஸை 'அவுஸ்'னு சொன்னா அது அலட்சியம் இல்ல. லண்டன் கிழக்குப் பக்கத்து காக்னி பேச்சுலயும் அந்த 'ஹ' கழண்டுதான் போகுது. உருது வீட்டுப் பிள்ளைக்கு 'ஃப'வும், 'ஜூ'ன்னு மிருகக்காட்சி சாலையைச் சொல்றப்போ வர்ற அதிரும் 'ஸ'வும் வீட்டுலயே கிடைச்சிருக்கும். வகுப்புல மத்தவங்களுக்கு அந்த ஒலியைச் சொல்லிக் காட்ட அவனே போதும்.

வாக்கிய அமைப்பும் பொதுச் சொத்து. தமிழ்ல 'நான் நேத்து வீட்டுக்குப் போனேன்'. தெலுங்குல 'நேனு நின்ன இண்டிகி வெள்ளானு'. கன்னடத்துல 'நானு நின்னெ மனெகெ ஹோதெ'. சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை, வினை கடைசியில. உருதுலயும் வினை கடைசியிலதான். இங்கிலீஷ் மட்டும் வினையை நடுவுக்குக் கொண்டு வருது: 'ஐ வென்ட் ஹோம் எஸ்டர்டே'. அதனால சொல் வரிசைக்கு மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் போதும். ஒலிக்குத்தான் பிரிச்சுப் பார்க்கணும். டீச்சர் நாலு மொழி பேசத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. எங்க ஒத்துப் போகுது, எங்க பிரியுதுன்னு தெரிஞ்சா போதும்.

1950கள்: 27,000 டீச்சர்கள், ஒரே பாடம்

இந்த 'எங்க பிரியுது'ங்கிற கேள்வியை முறைப்படி கேட்டது அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக வட்டாரம். அங்க இருந்த ராபர்ட் லாடோ 1957ல ஒரு புத்தகம் எழுதினார். கத்துக்கிறவரோட தாய்மொழியையும் புது மொழியையும் ஒப்பிட்டா, எங்க கஷ்டம் வரும்னு முன்கூட்டியே சொல்லிடலாம்ங்கிறதுதான் அதோட சாரம். எல்லிஸோட கட்டம்தான், ஆனா நோக்கம் வேற. எல்லிஸ் ஒற்றுமையைத் தேடினார், லாடோ வேற்றுமையைத் தேடினார்.

அதே காலத்துல நம்ம சென்னை மாநிலத்துல என்ன நடந்துச்சு? 1950களோட கடைசியில 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு ஒரு திட்டம். பனி உருண்டை உருள உருளப் பெருசாகுமே, அந்த மாதிரி. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடு, அவங்க மத்தவங்களுக்குக் கொடுக்கட்டும். ஆரம்ப வகுப்பு இங்கிலீஷ் எடுக்கிற 27,000 டீச்சர்களுக்குப் புது முறையைக் கொண்டு போறதுதான் இலக்கு. அந்த முறை, வாக்கிய அமைப்புகளைச் சுலபத்துல இருந்து கடினம்னு வரிசையா அடுக்கி, வாயால திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது.

அந்தக் காலத்துக்கு அது பிரம்மாண்டம். ஆனா இந்த வகைப் பயிற்சி மேல பொதுவா ஒரு விமர்சனம் உண்டு. மேல இருந்து கீழ போகப் போக விஷயம் நீர்த்துப் போகும். இன்னொண்ணு எனக்கே தோணுறது. எல்லாருக்கும் ஒரே வரிசைன்னா, மதுரையில தமிழ் மட்டும் பேசுற வகுப்புக்கும் அஞ்செட்டி மாதிரி எல்லையோர வகுப்புக்கும் ஒரே டோஸ்தான்.

பிழைக்கு மரியாதை கிடைச்ச வருஷம்

லாடோ சொன்னதும் முழுசா சரியா வரல. தாய்மொழியால விளக்கவே முடியாத பிழைகள் வந்துக்கிட்டே இருந்துச்சு.

உதாரணத்துக்கு 'கோட்', அதாவது 'கோ'வோட 'எட்' சேர்த்து, 'போனேன்'னு சொல்ல ஒரு பிள்ளை முயற்சி பண்றது. இது தமிழ்ல இருந்து வந்ததா? இல்ல. இங்கிலாந்துல பிறந்த குழந்தையும் இதையே சொல்லும். 1958ல ஜீன் பெர்கோன்னு ஒரு ஆய்வாளர் ஒரு விளையாட்டு மாதிரி சோதனை பண்ணினாங்க. ஒரு கற்பனைப் பிராணி படத்தைக் காட்டி, அதுக்கு 'வக்'னு இல்லாத ஒரு பேரு வெச்சாங்க. இப்போ இது ரெண்டு இருக்கு, என்ன சொல்வேன்னு கேட்டாங்க. குழந்தைங்க சரியாப் பன்மை சொன்னாங்க. கேட்டே இராத சொல்லுக்குப் பன்மை சொல்லணும்னா, மனப்பாடம் பண்ணியிருக்க முடியாது. தலைக்குள்ள ரூல் இருக்கணும்.

இங்க ரெண்டாவது கருவி: உருபன். அர்த்தம் உள்ள சின்னஞ்சிறு துண்டு. இங்கிலீஷ் பன்மை உருபன் ஒண்ணுதான், ஆனா 'கேட்ஸ்'ல ஒரு மாதிரி, 'டாக்ஸ்'ல அதிர்ந்து, 'பஸ்ஸஸ்'ல ஒரு உயிரோட, மூணு விதமா ஒலிக்கும். கஷ்டமா இருக்கா? 'நட்டேன், வந்தேன், படித்தேன், ஓடினேன்'னு நாம இறந்தகாலத்தை எத்தனை விதமா சொல்றோம்! இடைநிலைன்னு பரீட்சைக்குப் படிச்சது அதுதான். இதைத் தாங்கின மண்டை, இங்கிலீஷ் பன்மையையும் தாங்கும்.

1967ல பிட் கார்டர்ங்கிறவர் ஒரு கட்டுரையில பிழைகளை ரெண்டாப் பிரிச்சார். ஒண்ணு, களைப்புல, அவசரத்துல வர்ற தடுமாற்றம். சொன்ன உடனே நாமே திருத்திப்போம். இன்னொண்ணு, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்றது. இந்த ரெண்டாவதுதான் முக்கியம்னார். அது கத்துக்கிறவர் மனசுல இப்போ என்ன இலக்கணம் ஓடுதுன்னு காட்டுற ஆதாரம். எங்க பாஷையில சொன்னா, அது எரர் லாக். லாகைப் பார்க்காம சிஸ்டத்தைத் திட்டுற எஞ்சினியரை யாரும் வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க.

1972ல லாரி செலிங்கர் அதுக்கு 'இடைமொழி'ன்னு அர்த்தம் வர்ற ஒரு பேரு கொடுத்தார். கத்துக்கிறவர் பேசுறது அரைகுறை இங்கிலீஷ் இல்ல. தாய்மொழிக்கும் இங்கிலீஷுக்கும் நடுவுல, தனக்குன்னு ரூல் வெச்சிருக்கிற ஒரு மொழி. அது நகர்ந்துக்கிட்டே இருக்கும், சில இடத்துல உறைஞ்சும் போகும். 'கோட்'னு சொல்ற பிள்ளை பின்னால போகல. நேத்து வரைக்கும் மனப்பாடம் பண்ணினவ, இன்னைக்கு ரூலைக் கண்டுபிடிச்சிருக்கா. அங்க பிரம்பை எடுத்தா, கண்டுபிடிச்சதுக்குத் தண்டனை கொடுக்கிறோம்னு அர்த்தம்.

பெங்களூர், 1979

இப்போ கதை திரும்ப நம்ம பக்கம் வருது. அஞ்செட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கம்தானே பெங்களூர்.

என். எஸ். பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்தவர். 1979ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனத்தோட சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தினார். உலகம் முழுக்க அதை 'பெங்களூர் ப்ராஜெக்ட்'னு சொல்றாங்க. ஆனா வகுப்புகள் சென்னையிலயும் கடலூர்லயும்கூட நடந்துச்சு. சாதாரணப் பள்ளிக்கூடங்கள்ல, சாதாரணப் பிள்ளைகளோட.

அவர் செஞ்சது: இலக்கணத்தை நேரடியா நடத்தாதே, வேலை கொடு. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்குள்ள அங்க போய்ச் சேரணும்னா எந்த வண்டி ஏறணும்னு கேளு. மேப்பைக் கொடுத்து வழி கேளு. பிள்ளை பதிலைத் தேடுறதுல மும்முரமா இருக்கிறப்போ, இலக்கணம் உள்ளுக்குள்ள தானா உருவாகும்ங்கிறது அவரோட நம்பிக்கை. 1987ல புத்தகமா வந்துச்சு. வேலை வழிக் கற்பித்தல்னு இன்னைக்கு உலகத்துல பேசுற முறைக்கு இது ஒரு முன்னோடி.

மூணு வருஷம் கழிச்சு, 1990ல, அதே பிரபு ஒரு கட்டுரையில, சிறந்த முறைன்னு ஒண்ணு ஏன் கிடையாதுன்னு விளக்கினார். முறை முக்கியம் இல்ல, இது ஏன் வேலை செய்யுதுன்னு டீச்சருக்குள்ள ஒரு புரிதல் இருக்கணும், அதுதான் பாடத்துக்கு உயிர்னு சொன்னார். தன் பேரு சொல்ற ஒரு முறையை உருவாக்கின மனுஷன் இதைச் சொல்றது சாதாரண விஷயம் இல்ல.

அப்போ அஞ்செட்டியில திங்கட்கிழமை என்ன பண்ணலாம்?

இந்த 200 வருஷத்தைச் சுருக்கினா ஒரு டீச்சருக்கு மூணு வேலை மிஞ்சும்.

முதல் வேலை, வருகைப் பதிவேட்டுல பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போடுங்க: வீட்டு மொழி. எல்லிஸ் போட்ட கட்டம் மாதிரி. பிழை வர்றப்போ இந்தக் கட்டத்தைப் பாருங்க. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வர்றதா, எல்லாருக்கும் வர்றதா? எல்லாருக்கும் வந்தா மொத்த வகுப்புக்கும் பாடம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் வந்தா அவங்களோட அஞ்சு நிமிஷம்.

ரெண்டாவது, திருத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இது தடுமாற்றமா, ரூலா? ரூல்னா, அது ஒலியில இருந்து வருதா, தாய்மொழி அமைப்புல இருந்து வருதா, இல்ல இங்கிலீஷுக்குள்ளயே பிள்ளை போட்ட கணக்கா?

மூணாவது, பிள்ளைங்க மொழிகளை போர்டுக்குக் கொண்டு வாங்க. 'நாம'வுக்கும் 'நாங்க'ளுக்கும் தமிழ்ல வித்தியாசம் உண்டு. தெலுங்குல 'மனமு', 'மேமு'ன்னு உண்டு. இன்னைய கன்னடத்துல 'நாவு' ஒண்ணுதான். இங்கிலீஷ்லயும் 'வீ' ஒண்ணுதான். இந்த ஒரு விஷயத்தை நாலு மொழியில போர்டுல எழுதிட்டா, அந்தக் கன்னடப் பொண்ணு "மிஸ், இது எங்க மொழி மாதிரியே இருக்கு"ன்னு கை தூக்கலாம். அது வரைக்கும் அவ வீட்டு மொழி அந்த வகுப்புல ஒரு தொந்தரவு. அந்த நிமிஷத்துல இருந்து அது ஒரு உதவி.

அறுபது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு, ரெண்டு வகுப்பை ஒரே ரூம்ல நடத்துற டீச்சருக்கு இது எல்லாம் நடக்குமான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இதைத் தனி ஒரு டீச்சர் தலையில கட்டிட்டு நாம கைதட்ட முடியாது. ஆசிரியர் பயிற்சியில, எல்லையோரப் பள்ளிக்குப் போறவங்களுக்குப் பக்கத்து மொழியோட ஒலியைப் பத்தி ரெண்டு நாள் சொல்லித் தரலாம். அதுக்கு லேப் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம். தொண்டையில ஒரு விரல் வெச்சா போதும்.

இதுல பணயம் என்னன்னு உங்களுக்கே தெரியும். ஓசூர் ஃபேக்டரியோ, பெங்களூர் ஐடியோ, கதவுல இங்கிலீஷ் நிக்குது. அஞ்செட்டியில இருந்து அந்தக் கதவு வரைக்கும் வர்ற ஒரு பொண்ணு, தன் தலையில ஏற்கெனவே மூணு மொழி இருக்கிறதைத் திறமைன்னு நினைச்சு வர்றாளா, குறைன்னு நினைச்சு வர்றாளாங்கிறது அஞ்சாம் வகுப்புலயே முடிவாகிடலாம். 'பால்' 'ஹாலு' ஆனப்போ யாரும் கன்னடத்துக்கு மார்க் குறைக்கல. அதை மொழி வரலாறுன்னு புத்தகத்துல எழுதி வெச்சோம். வகுப்புல நடக்குறதும் அதே மாதிரி ஒழுங்குள்ள மாற்றம்தான், கொஞ்சம் வேகமா நடக்குது.

உங்க வீட்டு மொழியும் ஸ்கூல் மொழியும் வேற வேறயா இருந்தா, எந்த இங்கிலீஷ் ஒலி உங்களுக்குத் தகராறு பண்ணுச்சுன்னு எழுதி அனுப்புங்க. வர்றதை எல்லாம் ஒரு கட்டத்துல போட்டு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.